கிளிஞ்சல் கிண்ணம்

ஊரார் எலும்பைப் படம் பிடித்தே தலை நரைத்தவர் எக்ஸ்ரேக்காரர். மாடியிலிருந்து விழுந்தவன், கதவில் விரலை நசுக்கிக்கொண்டவன், அடிதடியில் வாங்கியதைப் படியில் வழுக்கியதாகச் சொல்கிறவன், யாராயிருந்தாலும் அவர் முன்னால் மூச்சை இழுத்துப் பிடித்துத்தான் ஆகவேண்டும். எதற்கும் அசையாத அந்த மனிதர் ஒரே படத்தை இரண்டு தடவை எடுத்தது, குளியலறையில் சறுக்கி விழுந்த தன் மனைவியின் மணிக்கட்டைப் படம் எடுத்த அன்றுதான். முறிவு சின்னதுதான். அதைச் சுற்றியிருந்த எலும்போ துவைத்துத் துவைத்து நைந்த துணியைப் போல இருந்தது. "இன்னொரு தடவை விழுந்தா இடுப்புதான்" என்று டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே கவலை. தினமும் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்ப்பார். அட்டை ஒழுங்காகக் காலியாகிக்கொண்டிருக்கும். அப்பாடா என்று வைத்துவிடுவார்.

கட்டுப்போட்ட கையோடு வீட்டில் முடங்கிக் கிடந்த மனைவிக்குப் பொழுது போகவேண்டுமே. எதிர்வீட்டு அக்கா வீட்டைக் காலிசெய்து போகும்போது ஐந்து கோழிக்குஞ்சுகளை விட்டுப்போனாள். கட்டுப் பிரித்து வெகுநாள் கழித்து, குஞ்சுகள் இன்னும் முட்டையிடாத விடைக்கோழிகளாகக் கொல்லையில் நின்றன. அவற்றில் ஒன்றுக்கு மேனேஜர் என்று பெயர். ஒரு வேலையும் செய்யாது. மற்ற நான்கும் மண்ணைக் கிளறுவதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, புழு கிடைத்தால் மட்டும் முன்னால் வந்து நிற்கும். மனைவிக்கு அதன்மேல்தான் உயிர்.

அந்த மேனேஜர் படுத்துவிட்டது. ஓயாமல் தண்ணீர் குடித்தது. எச்சம் தண்ணீராகப் போனது. தீவனத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தது. அட்டைப்பெட்டியில் வைத்து இருவரும் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மருத்துவர் சின்ன வயதுப் பெண். கோழியைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரு எக்ஸ்ரே எடுத்தாள். கால் சரியாக நீட்டப்படவில்லை என்று எக்ஸ்ரேக்காரருக்குக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டார்.

"என்ன தீவனம் போடுறீங்க?"

"வளர்ற கோழிக்குன்னு மூட்டையில விக்கிறாங்களே, அதுதான்."

"முட்டைக்கோழித் தீவனம் கலந்தீங்களா? கிளிஞ்சல், சுண்ணாம்பு, அந்த மாதிரி ஏதாவது?"

"அதெல்லாம் கிடையவே கிடையாதும்மா" என்றார் அவர், சாட்சிக்கூண்டில் நிற்பவர் போல.

மனைவி அட்டைப்பெட்டியின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திரை" என்றாள். "எனக்குக் குடுத்த கால்சியம் மாத்திரை. பொடிச்சுத் தீவனத்துல கலந்து போட்டேன். இதுக்குத்தான் கூடுதலா."

மருத்துவர் விளக்கினாள். முட்டைப் பருவத்துக்கு முன்னால் கால்சியம் அதிகமாகப் போனால் அது தங்க இடமில்லை, சிறுநீரகத்தைத்தான் போட்டு வதைக்கும். உடனே நிறுத்துங்கள், நல்ல தண்ணீர் வையுங்கள். பிழைக்குமா என்று கேட்டதற்கு, "பாக்கலாம்" என்றாள்.

பிறகு எக்ஸ்ரேக்காரர் முறைத்து முறைத்துப் படத்தைப் பார்ப்பதைக் கண்டு, அதன் பக்கத்தில் இன்னொரு படத்தை மாட்டினாள். அடிபட்டு வந்த வேறொரு கோழி. அது முட்டையிடும் தறுவாயில் இருந்ததாம். மேனேஜரின் தொடை எலும்பு நடுவில் இருட்டாக, வெற்றுக்குழாயாக இருந்தது. இதிலோ உள்ளே பூராவும் வெள்ளை அடைத்திருந்தது.

"கட்டியா?" என்றார் அவர்.

"இல்ல சார். முட்டை ஓட்டுக்கான சரக்கு. கொண்டை சிவக்கிற சமயத்துல எலும்புக்குள்ள புதுசா ஒரு எலும்பு வளரும். ராத்திரி ஓடு கட்டும்போது அதுலேருந்தும் எடுத்துக்கும். பருவம் வந்தா தானா நடக்கும்."

எக்ஸ்ரேக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆயுள் முழுக்க அவர் பார்த்ததெல்லாம் உடைந்த எலும்பு, தேய்ந்த எலும்பு. நாளைக்கு வரப்போகிற ஒன்றுக்காக இன்றைக்கே தன்னை நிரப்பிக்கொள்கிற எலும்பை அவர் கண்டதில்லை. கோயிலில் நிற்கிறவரைப் போல அந்தப் படத்தைப் பார்த்தார்.

திரும்பும்போது பஸ்ஸில்தான் அவருக்குக் கோபம் வந்தது.

"ஒண்ணுகூடவா முழுங்கல?"

"மொதல்ல ரெண்டு மூணு முழுங்கினேன். தொண்டையில செங்கல் மாதிரி நிக்குது. முட்டை ஓடு பூரா கால்சியம்னு சாப்பிடுறப்ப பாடம் நடத்துனது நீங்கதானே. எனக்கு இனிமே எதுக்கு, வளர்றதுங்களுக்காவது ஆகட்டும்னு போட்டேன்."

திட்டுவதற்கு நாலைந்து வாக்கியம் தயாராக வைத்திருந்தார். அந்த 'எனக்கு இனிமே எதுக்கு'வில் எல்லாம் மறந்துபோனது. நைந்த துணி போன்ற அந்த எலும்பு கண்முன் வந்தது.

"எனக்கு நீ வேணும்" என்றார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. அவள் பெட்டியை மடியில் இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

மேனேஜர் மெல்ல மெல்லத் தேறியது. மருத்துவர் சொன்னபடி வெறும் வளர்தீவனம். நொறுக்கிய கிளிஞ்சல் தனியாக ஒரு கிண்ணத்தில். வேண்டுமென்றால் அதுவே எடுத்துக்கொள்ளட்டும் என்றிருந்தாள். ஒரு கோழியும் அதைச் சீந்தவில்லை. மிதித்துக் கவிழ்த்ததோடு சரி. சமையலறை அலமாரியில் புதிய மாத்திரை அட்டையும் பிரிக்காமல் கிடந்தது. அவர் அதைத் தினமும் பார்த்தார். கேட்கவில்லை. கேட்டால் அவள் முழுங்குவாள், அல்லது முழுங்கியதாகச் சொல்வாள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஏமாந்தவர் அவர்.

பிறகு மேனேஜரின் கொண்டை சிவக்கத் தொடங்கியது. மனைவி அருகே போனால், முட்டையிடப்போகும் கோழிகள் செய்வதைப் போல முதுகைத் தாழ்த்திப் பதுங்கியது. ஒருநாள் சாயங்காலம் அவள் கொல்லையிலிருந்து கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்க. சத்தம் போடாம வாங்க."

மேனேஜர் தீவனத்தை விட்டுவிட்டுத் தனியாக நடந்து போய்க் கிளிஞ்சல் கிண்ணத்தின் முன் நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு கொத்தத் தொடங்கியது, டக் டக்கென்று, பசியெடுத்த பிள்ளையைப் போல. கொண்டை இன்னும் சிவக்காத மற்ற நான்கும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரு சொன்னா அதுக்கு?" என்றாள் அவள், குரலே எழும்பாமல்.

"யாரும் சொல்லல."

"நான் திணிச்சப்போ சாகக் கிடந்துச்சு. இப்ப அதுவே தேடி வந்து திங்குது."

அந்தத் தொடை எலும்புக்குள் இந்த நேரம் வெள்ளை நிரம்பிக்கொண்டிருக்கிறது. எந்தக் கருவியும் இல்லாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் ஒருநாள் வைக்கோல் போட்டிருந்த பழைய கூடையில் ஒரு முட்டை கிடந்தது. சின்னது, சூடு ஆறாதது. முறிந்து கூடிய கையிலேயே அவள் அதை எடுத்தாள். வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

"இது அதோட எலும்புங்க" என்றாள். "தன் எலும்பக் கரைச்சு ஓடு கட்டியிருக்கு. அப்புறம் மறுபடியும் ரொப்பிக்குது. அலுத்துக்கவே இல்ல பாருங்க."

அன்று சாயங்காலம் அவர் கூடத்தில் இருந்தபோது, சமையலறையில் மாத்திரை அட்டையைப் பிதுக்கும் சத்தம் கேட்டது. எழுந்து சமையலறை வாசற்படிவரை போனார். கொல்லைக் கதவருகே அவள் தம்ளரோடு நின்றிருந்தாள். வெளியே மேனேஜர் கிண்ணத்தைக் கொத்திக்கொண்டிருந்தது.

"அப்படிப் பாத்துக்கிட்டே நிக்காதீங்க" என்றாள் அவள், திரும்பாமலே. "பாத்தா எனக்கு எறங்காது."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஊருக்கெல்லாம் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறவர், யாரும் சொல்லாமலே தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மடக்கென்று தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டபிறகுதான் விட்டார்.