ஏழாவது மீன்

வெர்னா ஹால்வர்சன் இருபத்தாறு வருடம் மத்திய அரசு வழக்கறிஞராகக் குப்பை கொட்டியவர். அதற்குள் ஏழு தலைமை வழக்கறிஞர்கள் வந்து போனார்கள். வெர்னாவின் மேசை மட்டும் இடம் மாறவில்லை. எட்டாவதாக வந்தவர் கிரெய்க் பெம்பர்ட்டன். கட்சிக்குத் தேர்தல் வழக்கு நடத்திக் கொடுத்ததற்குக் கிடைத்த பதவி. கிரிமினல் வழக்கு ஒன்றைக்கூடத் தொட்டவரில்லை.

வந்த மூன்றாம் வாரமே அவர் கேட்டது மேயர் ருசிக்கின் தலையை. ருசிக் எதிர்க்கட்சி, நவம்பரில் கவர்னர் பதவிக்கு நிற்பவர். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதியம் ஒரு காண்டிராக்டருடன் ஹோட்டலில் உட்கார்ந்து பேரம் பேசினார், பிறகு எஃப்பிஐயிடம் அங்கே போகவேயில்லை என்று பொய் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. பார்த்ததாகச் சொன்னது ஒரே ஒரு சர்வர்.

வெர்னாவின் கோப்பில் இன்னொரு காகிதமும் இருந்தது. அதே மதியம், நூறு மைல் தள்ளி, உறைந்த ஏரியில் பனியைத் துளைத்து மீன் பிடித்த ருசிக்குக்கு மீன்வளக் காவலர் எழுதிக் கொடுத்த அபராதச் சீட்டு. அனுமதி ஆறு மீன். அவர் கூடையில் ஏழு. தேர்தல் போஸ்டரில் தூண்டிலோடு சிரிக்கிற மனிதர், மானம் போகுமென்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

"அத கிராண்ட் ஜூரிக்குக் காட்டணும்னு எந்தச் சட்டமும் இல்ல, வெர்னா," என்றார் பெம்பர்ட்டன். "விசாரணைல அவரோட வக்கீல் காட்டிக்கட்டும்."

"நம்ம துறைக் கையேட்டுல காட்டணும்னு இருக்கு."

"கையேடு வாஷிங்டன்ல எழுதினது. நானும் வாஷிங்டன் சொல்றதத்தான் சொல்றேன். ஆமா, உங்க வீட்டுக்காரருக்கு சிகிச்சை நடக்குதாமே? இன்சூரன்ஸ் உங்க வேலையிலதானே?"

என்ன ஒரு கரிசனம்! வெர்னாவுக்கு ஆத்திரம் வந்தது. அதைவிடப் பயமாகவும் இருந்தது. கணவர் ஆர்னேவின் புற்றுநோய்க்கு மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. ஒரு ஊசியின் விலைக்கு ஒரு பழைய கார் வாங்கலாம். வேலை போனால் இன்சூரன்ஸும் அதிக நாள் ஓடாது.

வியாழக்கிழமை காலை கிராண்ட் ஜூரி கூடியது. குற்றம் சாட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வந்த இருபத்தொரு ஊர்க்காரர்கள். அந்த அறையில் நீதிபதி கிடையாது, எதிர்த்தரப்பு வக்கீல் கிடையாது. அரசு காட்டுவதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். பெம்பர்ட்டனும் மூலையில் வந்து உட்கார்ந்துகொண்டார். எஃப்பிஐ அதிகாரி சாட்சி சொல்லி முடித்ததும் வெர்னா வழக்கம்போலக் கேட்டார், "யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?"

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு அம்மாள் கை தூக்கினார். "அங்க இல்லன்னா, மேயர் அன்னிக்கு எங்கதான் இருந்தாராம்?"

பெம்பர்ட்டன் தொண்டையைச் செருமினார். 'அது எங்களுக்குத் தெரியாது' என்று ஒரு வரி சொன்னால் போதும். வெர்னாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆர்னேவின் முகமும் வந்தது. கோப்பைத் திறந்து, சீட்டை அதிகாரியிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார்.

"ஒரு மீனுக்காகவா?" என்றது பின்வரிசை. "என் மச்சானும் இப்படித்தான் மாட்டினான்!" அறையே சிரித்தது.

ஓட்டெடுக்கும்போது அரசுத் தரப்பு வெளியே போய்விட வேண்டும். தாழ்வாரத்தில் பெம்பர்ட்டன் கையை நீட்டினார். "பேட்ஜைக் குடுங்க."

"இப்பவா?"

"உங்கள நீக்கச் சொல்லி வாஷிங்டன்லருந்து கடிதம் நேத்தே வந்திருச்சு. ஒழுங்கா நடந்துக்குவீங்கன்னு நெனச்சுத்தான் வெச்சிருந்தேன்."

வெர்னா கழற்றிக் கொடுத்தார். அப்போதே உள்ளே ஓட்டு முடிந்ததற்கான மணி அடித்தது. இருபத்தாறு வருடப் பழக்கம். கால் தானாகக் கதவைப் பார்த்து நடந்தது.

"நீங்க இல்ல," என்று சொல்லிவிட்டுப் பெம்பர்ட்டன் மட்டும் உள்ளே போனார்.

ஜூரியின் முடிவை, வேலை போன வெர்னாவிடம் இனி யாரும் சொல்லக்கூடாது. ஆனாலும் அவர் நகரவில்லை. ஒரே நிமிடத்தில் வெளியே வந்த பெம்பர்ட்டன் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய், லிஃப்ட் பொத்தானைக் குத்து குத்தென்று குத்தினார். சொல்ல வேறென்ன வேண்டும்? வெர்னாவுக்கு வாய்விட்டுச் சிரிக்கலாம் போல சந்தோஷமாக இருந்தது. போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

"ஆர்னே, அடுத்த ஊசிய இந்த மாசத்துக்குள்ளயே போட்டுக்க முடியுமான்னு டாக்டரக் கேளேன்."

"ஏன், என்ன அவசரம்?"

"கேளேன்," என்றார் வெர்னா.