மூன்றிலொரு பங்கு வாடகை

மாமாவின் சலவைக் கடைக்குள் நுழைகிறவர் எவரும் முதலில் காண்பது கல்லாவுக்குப் பின்னே ஒட்டியிருந்த அந்தத் தாளைத்தான். சலவை, இஸ்திரி, தையல் என மூன்று பத்திகள்; ஒவ்வொன்றின் கீழும் வரவு, செலவு, மிச்சம். அடியில் பேராசிரியையின் சிவப்பு மையில் இருபத்தைந்துக்கு இருபத்துநான்கு. எழுதியவள் மாமாவின் அக்காள் மகள். வணிகவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. பால்பற்கள் விழும் முன்பே படிக்கட்டுகளை எண்ணி ஏறியவள் என்பதால் வீட்டார் அவளைக் கணக்குப்பிள்ளை என்றே அழைத்துப் பழகிவிட்டனர்.

"அந்த ஒரு மார்க்கை ஏன் விட்டாங்க? நான் காலேஜுக்கு வந்து கேக்கட்டுமா?" என்று வாடிக்கையாளர் எதிரிலேயே மாமா நெஞ்சை நிமிர்த்துவார்.

"மாமா, முதல்ல சட்டையை மடிங்க. ஆள் நிக்கறாரு."

நிதிக் கணக்கியலில் வகுப்பிலேயே முதலிடம் அவளுக்கு. ஒரு செலவை எவர் தலையிலும் ஏற்றாமல் அந்தரத்தில் விடுவது அவளுக்குப் பாவமாகவே பட்டது. ஆகவே மேலாண்மைக் கணக்கியல் பாடத்துக்காகப் பேராசிரியை ஒரு சிறுதொழிலின் செலவுப் பட்டியல் கேட்டபோது, கடையின் மாத வாடகை இருபத்துநாலாயிரத்தையும் அளவுநாடாவால் தரையை அளந்து பங்கிட்டாள். திரைச்சீலைகளை விரித்து ஓரம் தைக்கும் பெருமேசையும் தையல் இயந்திரமுமாகத் தையற்பிரிவு தரையில் மூன்றிலொரு பங்கை அடைத்திருந்தது. எனவே எண்ணாயிரம் அதன் தலையில் இறங்கியது. தையலின் மாத வரவு பதினைந்தாயிரம். நூல், ஜிப், பொத்தான் வகைக்கு இரண்டாயிரமும் சம்பளமாக ஏழாயிரமும் போக, எஞ்சியது ஆறாயிரம். அதன்மேல் எண்ணாயிரம் வாடகை ஏறவே, பத்தியின் அடியில் 'நட்டம் இரண்டாயிரம்' என்ற சொற்கள் வந்து நின்றன.

அந்தப் பத்தி சித்தியினுடையது. மாமாவுக்குத் தங்கை; கணவரை இழந்தபின் எவர் வீட்டுக்கும் பாரமாகாமல் தனியறை எடுத்து, நான்காண்டுகளாக அந்த ஏழாயிரத்திலேயே தலைநிமிர்ந்து வாழ்பவள்.

இரண்டு வாரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்த மாமா, மூன்றாம் வாரம் முடிவெடுத்தார். வெள்ளிக்கிழமையோடு தையல் நிறுத்தம். அன்று நண்பகல் பழைய சாமான் வியாபாரி வந்து மேசையை எடுத்துப்போவார். சேதி கேட்ட நாள் கணக்குப்பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாளேயன்றி உண்ணவில்லை. ஆனால் வாய் திறக்கவுமில்லை. இரக்கத்துக்குத் தாளில் பத்தி ஏது?

வெள்ளிக்கிழமை காலை அவளுக்கு உள்மதிப்பீட்டுத் தேர்வு. முதற்கேள்வியைச் சிரமமின்றி முடித்தாள். இரண்டாவது, காலணி செய்யும் ஓர் ஆலையைப் பற்றியது. மூன்று பிரிவுகள், ஒன்றில் நட்டம், அதை மூடலாமா? 'மூடுவதே நன்று' என்று எழுதிவிட்டுக் கேள்வியின் கடைசி வரிக்கு வந்தாள். 'எந்தப் பிரிவை மூடினும் கட்டட வாடகை குறையாது.'

பேனா நின்றது.

மூடினால் வாடகை எங்கே போகும்? எங்கும் போகாது. எஞ்சிய இரண்டு பிரிவுகளின் தோளில் ஏறி உட்காரும். போவது அந்தப் பிரிவு ஈட்டித் தந்த மிச்சம் மட்டுமே. எழுதியதை அடித்தாள். அடிக்கும்போதே காலணி ஆலை மறைந்து, பெருமேசையின்மேல் குனிந்த சித்தியின் நரையோடிய வகிடு கண்முன் எழுந்தது. இறைவா, நான் என்ன காரியம் செய்தேன்!

விடையை நாலே வரியில் முடித்து எழுந்தாள்.

"இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கேம்மா. மூணாவது கேள்வி?" என்றார் மேற்பார்வையாளர்.

"தெரியும் சார்."

"தெரிஞ்சா உக்காந்து எழுது!"

"எழுதி முடிக்கறதுக்குள்ள மேசை போயிடும் சார்."

அவர் தம் மேசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதற்குள் அவள் படியிறங்கியிருந்தாள்.

பேருந்திலிருந்து குதித்துக் கடைக்குள் ஓடியபோது, வியாபாரி மேசையின் இரண்டு கால்களைக் கழற்றிவிட்டிருந்தார். சித்தி நூற்கண்டுகளை நிறவாரியாகப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அழவில்லை, அதுவே காணப் பொறுக்கவில்லை.

"அண்ணே, கழட்டாதீங்க! மாமா, கணக்கு தப்பு!"

"உனக்கு வெயில்ல தலை சுத்துது. டீச்சரே தப்புன்னு சொல்லலையே?"

"கூட்டல் சரிதான். அதை நாம படிச்ச விதம்தான் தப்பு. நீங்க தையலை நிறுத்திட்டா கட்டடக்காரர் வாடகையில எட்டாயிரம் குறைப்பாரா?"

"அந்த ஆளா? எட்டு பைசா குறைக்க மாட்டான்."

"அப்ப அந்த எட்டாயிரத்தை யார் கட்டுவா?"

மாமா தாளின் தையல் பத்திமேல் விரலை ஓட்டினார். பிறகு, "இடம் காலியாகும்ல? எதாவது வைக்கலாம்ல?" என்றார்.

"என்ன வைக்கப்போறீங்க?"

மாமா மேசை இருந்த மூலையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "ஒரு... பூந்தொட்டி வைக்கலாம்."

வியாபாரி திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். "எட்டாயிரம் வாடகையில பூந்தொட்டியா? கொடுத்துவச்ச பூ சார்!"

"நட்டத்தை நிறுத்தறோம்னு நினைச்சோம் மாமா. நிறுத்தினா மாசம் ஆறாயிரம் கையைவிட்டுப் போகும்," என்றாள் அவள். பிறகு சித்தியிடம் திரும்பினாள். "எல்லாம் நான் செஞ்சது சித்தி. வாடகையைத் தூக்கி உங்க தலையில போட்டவ நான்தான். மாமா மேல கோவப்படாதீங்க."

சித்தி பையைக் கீழே வைத்தாள். "இந்தத் தாளைத் தினம் படிச்சேன்டி. இத்தனை நாளா அண்ணன் போட்ட சோத்தைச் சும்மா தின்னோமோன்னு ராத்திரியெல்லாம் மனசு அறுத்துச்சு." சற்று நின்று கேட்டாள்: "இப்ப சொல்லு. என் சம்பளம் போக, மாசம் ஆறாயிரம் நான் இந்தக் கடைக்குக் கொடுக்கறேனா?"

"ஆமா சித்தி."

"நாலு வருஷமாவா?"

மாமா யாரும் கேட்காமலே ஒரு சட்டையை எடுத்து மடிக்கலானார்.

"அண்ணே," என்றாள் சித்தி. நான்காண்டுகளில் அவள் அந்தக் கடையில் இவ்வளவு நிதானமாகப் பேசியதில்லை. "எனக்கு மாசம் ஆயிரம் ஏத்திக் கொடு."

"இதென்ன வம்பாப் போச்சு! வேலையே இல்லைன்னு சொல்லி ஒரு வாரம்கூட ஆகலை..."

"ஏத்தினாலும் அஞ்சாயிரம் மிஞ்சும் மாமா," என்றாள் கணக்குப்பிள்ளை.

"நீ யார் பக்கம்டி?"

"கணக்குப் பக்கம்."

மாமா தங்கையை நோக்கினார். அவள் விழி தாழ்த்தவில்லை. அவர்தாம் தாழ்த்தினார். "எழுநூறு," என்றார்.

"ஆயிரம். இல்லேன்னா அவர் மீதி ரெண்டு காலையும் கழட்டட்டும்."

வியாபாரி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மாமா பெருமூச்செறிந்து தலையசைக்க, வியாபாரி குந்தி உட்கார்ந்து, கழற்றிய கால்களை மீண்டும் பூட்டத் தொடங்கினார். சித்தி பையிலிருந்து நீலநூலை எடுத்து ஊசியில் கோத்தாள்.