முரசுமோட்டையைப் பிறப்பிடமாகக் கொண்ட எழுத்தாளர்

வன்னியில் இதுவரை எழுதப்பட்ட சிறுகதைகளில் காலத்தைக் கடந்து நிற்கக்கூடியவை மூன்றே மூன்று. மூன்றையும் எழுதியவன் முரசுமோட்டை சுகிர்தன். இந்த முடிவுக்கு வந்தவனும் அவனேதான்; பாரபட்சம் எதுவுமில்லாமல் நெடுநாள் யோசித்து வந்த முடிவு.

"உண்மையான எழுத்தாளன் வாசகனுக்குப் பின்னால போறவன் இல்லை," என்று முல்லைத்தீவில் றஸ்மியின் துணிக்கடைக் கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னான்.

றஸ்மி அவனோடு கம்பஸில் படித்தவன். அப்போது போனைப் பிடித்தபடி பேஸ்புக் லைவில் துணி விற்றுக்கொண்டு நின்றான். "சிவலட்சுமி அக்கா, நீலம் முடிஞ்சுது, மஞ்சள் இருக்கு. நிசாந்தினி, மகளுக்குக் காய்ச்சல் சுகமோ?"

லைவ் முடிந்ததும் திரும்பினான். "மச்சான், கொமென்ட் எழுதுற ஒவ்வொருத்தருக்கும் பேர் சொல்லிப் பதில் போடு. அவ்வளவுதான் வித்தை."

"அது சீத்தைத் துணி விக்கிறவன்ர வேலை. காய்ச்சல் விசாரிக்கிறது இலக்கியம் இல்லை."

"நான் சீத்தை விக்கிறன். நீ என்ன விக்கிறாய்?"

"நான் ஒண்டும் விக்கிறதில்லை."

"அது தெரியும்."

வாய் அப்படிப் பேசினாலும் சுகிர்தன் ஒரு கிழமையாகவே நாளை எண்ணிக்கொண்டிருந்தான். அவனது சிறுகதைத் தொகுப்பை அச்சிட்ட வவுனியாப் பதிப்பாளர் யோகலிங்கம் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை இணையத்தில், சூமில் நடக்கும் வெளியீட்டுக்கு ஆட்கள் வந்தால்தான் அவனுடைய நாவல் அச்சுக்குப் போகும். நான்கு வருடமாக எழுதிய நாவல். போன தடவை அவன் கதை வாசித்தபோது சூமுக்கு வந்தவர்கள் யோகலிங்கம், றஸ்மி, தலைமை தாங்கியவர். தலைமை தாங்கியவர் இடையில் நித்திரையாகிவிட்டார்.

பூவும் பலூனும் போட்டு விளம்பரம் செய்து தருவதாக றஸ்மி சொன்னதை மறுத்துவிட்டு, சுகிர்தன் தானே ஒன்று செய்தான். நடுவில் சிரிக்காத கறுப்பு வெள்ளைப் படம். சுற்றிவரக் கறுப்புக் கரை. கீழே, 'முரசுமோட்டையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட எழுத்தாளர் சுகிர்தன்'. அதற்குக் கீழே தொகுப்பின் பெயர், 'திரும்பி வராத மாடுகள்'. கடைசியில், 'ஞாயிறு மாலை நடைபெறும் நிகழ்வில் உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் கலந்துகொள்ளவும்.' கம்பீரமாக இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் பேஸ்புக்கில் போட்டான்.

எங்கள் சனத்துக்கு இந்த அமைப்பு நன்றாகப் பழக்கம். கனடாவிலும் சுவிசிலும் காலைத் தேத்தண்ணியோடு அவர்கள் பார்ப்பது இதே கரை போட்ட மரண அறிவித்தல்களைத்தான்.

சனிக்கிழமை காலை புட்டுக் கோப்பையோடு இருந்து போனைத் திறந்தான். முதல் கொமென்ட்: 'ஆழ்ந்த இரங்கல்.' மாடுகளுக்காக இரங்கும் நுட்பமான வாசகர் என்று நினைத்தான். அடுத்தது 'ஓம் சாந்தி.' அதற்கடுத்தது முத்துலிங்கம் என்பவர்: 'இளம் வயசு. மாடுகளையும் காணேல்லையாம். அந்தத் தாய் என்ன பாடுபடும்.'

கீழே போகப் போக நூற்றுக்கணக்கில் இருந்தன. 'தம்பி எனக்கு ஒரு கதை அனுப்பினவர், வாசிக்கேல்லை. இண்டைக்குத்தான் வாசிச்சன். அழுதிட்டன்' என்று ஒருவர் எழுதியிருந்தார். சுகிர்தன் அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்தான். பயத்தில் எடுத்தான் என்று சொல்ல முடியாது.

குசினிக்குள் அம்மா இராசமலரின் போன் அடித்தது. "ஆர் செத்தது? எப்ப பிரேதம் எடுக்கிறதோ? விசரே உனக்கு, சுதாஜினி. அவன் இஞ்ச இருந்து புட்டுத் தின்னுறான்." போனைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே வந்தா. "நீ செத்திட்டியாம். ஸ்காபரோ மாமி குழறுறா. கதை."

"அம்மா, ஞாயிறு வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாமப் பொறுத்தா…"

"ஞாயிறு வரைக்கும் என்ன?"

அவன் போனை வாங்கினான்.

மாமியை ஆற்றி முடிக்க றஸ்மியின் அழைப்பு வந்தது. "மச்சான், நீ உயிரோட இருக்கிறாய் எண்டு போட்டனான். இப்ப எல்லாரும் என்னோட சண்டைக்கு வருகினம். பார்."

பார்த்தான். இரங்கியவர்களே இப்போது ஏசிக்கொண்டிருந்தார்கள். 'சாவை வைச்சு விளம்பரம் தேடுறான்.' 'இவன்ர ஒண்டையும் இனி வாசியாதேங்கோ.' நாயாற்றிலிருந்து அருந்ததி என்ற ஒருவர் ஏசவில்லை. 'என்ர பிள்ளைக்கும் இப்பிடித்தான் படம் போட்டனாங்கள். பார்த்த உடன நெஞ்சு அடைச்சிட்டுது தம்பி' என்று மட்டும் எழுதியிருந்தா.

அதைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும்போது யோகலிங்கம் போனில் கூப்பிட்டார்.

"தம்பி, நீர் இருக்கிறது சந்தோசம். ஆனா சாவைக் காட்டிப் புத்தகம் விக்கிறவன்ர நாவலை நான் போடேலாது."

"ஐயா, நான் வேணுமெண்டு செய்யேல்லை."

"எனக்குச் சொல்லி என்ன. சனத்துக்குச் சொல்லும். நாளைக்கு ஒருத்தரும் வராட்டி நாவலை மறந்துவிடும்."

சுகிர்தன் உடனே நீண்டதொரு விளக்கம் எழுதினான். கறுப்பு வெள்ளையின் அழகியல் பற்றி மட்டும் அதில் நான்கு பந்தி. அரை மணித்தியாலத்தில் ஒரு லைக் விழுந்தது. றஸ்மி.

பதிவை அழித்துவிடலாமா என்று அவனிடம் கேட்டான். "அழிச்சா ஒளிச்சிட்டான் எண்டுவினம்," என்றான் றஸ்மி. அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது, பேர் சொல்லிப் பதில் போடும் அந்த வித்தை; அதுதான் சுகிர்தனுக்கு உறைத்தது.

முற்றத்து வேம்பின் கீழ் கதிரையைப் போட்டுக்கொண்டு கொமென்டுகளைத் திறந்தான். முதலில் நாயாற்று அருந்ததிக்கு எழுதினான். எழுதியதை இரண்டு தரம் அழித்தான். 'அருந்ததி அக்கா, நான் இருக்கிறன். என்ர பிழைதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பிள்ளையின்ர பேர் என்ன அக்கா?'

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. 'லக்ஷன். அவனும் நல்லாக் கதை எழுதுவான்.' பிறகு இன்னொன்று: 'நாளைக்கு எத்தினை மணிக்கு?'

சுகிர்தன் மணியை எழுதினான். லக்ஷன் எழுதிய கதை ஏதும் கையிலிருந்தால் கொண்டுவந்து வாசிக்கச் சொல்லியும் எழுதினான். பதில் போட இன்னும் சில நூறு பேர் இருந்தார்கள்.

"சோறு ஆறுது," என்று அம்மா கூப்பிட்டா.

"வாறன்," என்றான். அடுத்த பெயரைத் தொட்டு, 'வணக்கம் முத்துலிங்கம் ஐயா, சுகமா இருக்கிறீங்களோ' என்று எழுதத் தொடங்கினான்.