அறுபத்துமூவர் அன்று ஜெயராமின் கண்கள்

மயிலாப்பூரில் அறுபத்துமூவர் அன்று மட்டும் ஒருவர் சாகக் கூடாது. ஜெயராமுக்கு அந்த விவரம் போதவில்லை. தொண்ணூற்று நாலு பங்குனியில், நாயன்மார்கள் அத்தனை பேரும் பல்லக்கேறி மாட வீதி சுற்றுகிற நாளில், காபியைக் குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வீடோ தெற்கு மாட வீதியில். வீதியில் பிணம் கிடந்தால் சாமி வராது, முக்கிலேயே நின்றுவிடும். சீக்கிரம் எடுத்தாக வேண்டும் என்று வீடே பறந்தது.

அவர் மனைவி ஹம்சாவுக்குக் கண் வங்கி டாக்டர் வந்தாக வேண்டும். மந்தைவெளி, அடையாறு என்று வருஷக்கணக்கில் படியேறி, கண்தானத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சியவள் அவள். பாதிப் பேர் கதவைச் சாத்தினார்கள். முதலில் கையெழுத்துப் போட்டவர் ஜெயராம்தான். "நான் போனா மறக்காம எடுத்துக் குடுத்துடு. இல்லேன்னா உன் பேச்சை ஒருத்தரும் நம்ப மாட்டா" என்று சிரித்தார்.

ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். பாதிக்கு மேல் போய்விட்டது. மறுபடி போன் செய்தாள். ஜீப் எப்போதோ கிளம்பிவிட்டது என்றார்கள். லஸ் தாண்டி எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஜீப் எங்கே வரும்?

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பியவள் அலறினாள். ஜெயராமின் தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. இடது இமை சரியாக மூடவில்லை. ஃபேனை நிறுத்துங்கள், கண்மேல் ஈரப் பஞ்சு வையுங்கள் என்று ஊருக்கெல்லாம் ஓதியவளே அதைப் போட்டிருந்தாள். அவருக்கு வியர்க்குமே என்று போட்டாள். செத்தவருக்கு எங்கே வியர்க்கும், பாவி! ஃபேனை நிறுத்திவிட்டு ஓடிப் போய்ப் பஞ்சை நனைத்து வைத்தாள்.

"போறும் மன்னி, மேளம் கேக்கறது பாருங்கோ" என்றான் ஜெயராமின் தம்பி ஸ்ரீகிருஷ்ணன். "சாமியை நிறுத்தி வெச்ச பாவம் நம்மாத்துக்கு வேண்டாம். கண்ணில்லாம அனுப்பினா அண்ணா அடுத்த ஜென்மத்துல குருடாப் பொறப்பான்."

ஹம்சா சடாரென்று அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் மனைவி, அத்தனை பேர் முன்னாலும் பிடித்துக்கொண்டாள். "கொஞ்ச நேரம்டா. அவர் எங்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான்."

அவன் பதறிக் காலை இழுத்துக்கொண்டான்.

அப்போதுதான் டாக்டர் கமர் ஜஹான் ஐஸ் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். ஜீப்பை விட்டுவிட்டு லஸ்ஸிலிருந்து கூட்டத்தில் நசுங்கி நடந்து வந்திருக்கிறாள். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். "இடது கண் காய்ஞ்சு போச்சும்மா. வலது தேறும். இருபது நிமிஷம் குடுங்க."

ஹம்சா சுவரில் தலையை முட்டிக்கொண்டாள்.

வாசலில் கோயில் ஆள் கத்தினான். "இன்னா சாமி, இன்னும் எடுக்கலியா? முக்குல பல்லக்கு நின்னுக்கினு கீது!"

ஸ்ரீகிருஷ்ணன் விருட்டென்று வெளியே போனான். தூக்கச் சொல்லப் போகிறான் என்று ஹம்சாவுக்கு உயிரே போயிற்று.

"நிக்கட்டும்!" என்று கேட்டது அவன் குரல். உடைந்திருந்தது. "கண்ணைப் பிடுங்கிச் சாமிக்குக் குடுத்தவர் ஒருத்தர் அந்தப் பல்லக்குல வராரோல்லியோ, அவர்கிட்ட போய்ச் சொல்லு. எங்கண்ணா குடுத்துண்டிருக்கான். முடிஞ்சதும் எடுக்கறோம்."