தூரத்துக்கு ஒரு லென்ஸ்

1

இந்தக் கதை ஒரு பேனாவிலிருந்து வந்தது. எழுதும் பேனா அல்ல. ஜொகூர் பாருவில் ஒரு கண் மருத்துவமனைக்கு என் கண்ணைக் காட்டப் போயிருந்தேன். பக்கத்து அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மருத்துவர் அவருடைய கருவிழி ஓரத்தில் ஊதா மைப் பேனாவால் இரண்டு புள்ளிகள் வைத்தார். படுத்தால் கண் கொஞ்சம் சுழன்றுவிடும், அதனால் உட்கார்ந்திருக்கும்போதே குறித்துக்கொள்வார்கள் என்று பிறகு தெரிந்தது.

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அவர் பெயர்கூடத் தெரியாது. கமலநாதன் என்று வைத்தேன்.

2

"பிறந்த நாளிலிருந்தே உலகம் கமலநாதனுக்குக் கோணலாக

வேண்டாம். உலகம் என்று தொடங்கினால் ஆள் காணாமல் போகிறார்.

"கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு

இதுவும் வேண்டாம். அந்தப் பக்கத்துக்குப் பிறகு வருகிறேன்.

கமலநாதனுக்கு அறுபத்துமூன்று வயது. நில அளவை அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில் தனியாக இருக்கிறார். அவருடைய கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இல்லை. கோடுகள் இரண்டாகத் தெரியும். விளக்குகளுக்கு வால் இருக்கும். கண்ணாடி போட்டால் தரை சரிகிறது என்று இளவயதிலேயே கழற்றிவிட்டார். தலையை இடப்பக்கம் சாய்த்தால் கொஞ்சம் தெளியும். நாற்பது வருடமாகச் சாய்த்தே பார்த்தார். கல்யாணப் படத்திலும் சாய்ந்தே நிற்கிறார்.

(மனைவியைச் சாகடித்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். தனிமைக்கு அது சுருக்கு வழி. அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் உயிரோடு இருக்கிறார். மகன் செல்வாவின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கோலாலம்பூர் போயிருக்கிறார்.)

3

மகள் சிந்துஜா அக்கரையில், சிங்கப்பூரின் செம்பவாங்கில். மருந்துக் கிடங்கில் வேலை.

பெருந்தொற்று வந்து இரண்டு கரையையும் இணைக்கும் பாலத்தை மூடினார்கள். வெளியே நடமாட விட்டதும் சிந்துஜா ஒரு யோசனை சொன்னாள். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அவள் செம்பவாங் படகு ஜெட்டியில் மஞ்சள் குடையோடு நிற்பாள். அப்பா இந்தப் பக்கம் செனிபோங் கரையில் நிற்கவேண்டும். இடையே ஒரு கிலோமீட்டருக்குமேல் தண்ணீர்.

முதல் ஞாயிறு போன் வந்தது.

"அப்பா, குடைய விரிச்சிட்டேன். தெரியுதா?"

கமலநாதன் தலையைச் சாய்த்தார். இன்னும் சாய்த்தார். சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை தெரிந்தது. அதன்மேல் அதே பட்டை இன்னொரு தடவை.

"தெரியுதும்மா."

ஏறக்குறைய எண்பது ஞாயிறுகள் அதையே சொன்னார். ஒரு நாளும் அவர் அந்தக் குடையைப் பார்க்கவில்லை.

4

இதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். கமலநாதனுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிறு சிந்துஜாவால் போக முடியவில்லை. ஆள் போதாமல் கிடங்கில் நிறுத்திவிட்டார்கள். அப்பா கரையில் நின்றுகொண்டிருப்பார். பெட்டிகளுக்கு நடுவிலிருந்து போன் செய்து வந்துட்டேன்பா என்றாள்.

"இன்னிக்கு நல்லாவே தெரியுதும்மா" என்றார் கமலநாதன். "வெயில் பட்டு மஞ்சளா மின்னுது."

சிந்துஜா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள்.

(இங்கே அவள் அழுததாக ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். அழுதாளா என்று எனக்குத் தெரியாது.)

எனக்குத் தெரிந்தது இதுதான். அதற்குப் பிறகு அவள் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. அப்பாவின் கண்ணுக்கு எட்டாது என்று தெரிந்தும் போய் நின்றாள். குடையை விரித்தாள். தெரியுதா என்று கேட்டாள்.

5

பாலம் திறந்தது. முதலில் வாராவாரம் வந்தாள். பிறகு மாதம் ஒரு தடவை. இப்போது தீபாவளிக்கு. பாலத்தில் மூன்று மணி நேர நெரிசல், ஷிஃப்ட் வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கமலநாதன் பாலம் மூடியிருந்த நாட்களை நினைத்து ஏங்கினார். வெளியே சொல்லக்கூடிய ஏக்கமா அது?

வலது கண்ணில் புரை வந்தது. புரையை எடுத்துவிட்டு வைக்கும் செயற்கை லென்ஸிலேயே கோணலையும் சரிசெய்யலாம் என்றார் மருத்துவர். சரியான கோணத்தில் உட்காரவேண்டும். பத்து டிகிரி திரும்பினால் மூன்றில் ஒரு பங்கு பலன் போய்விடும். கமலநாதனுக்கு அது புரிந்தது. நில எல்லையில் அதைவிடக் குறைந்த கோணத்துக்கு அண்ணன் தம்பி பேச்சை விட்டதை அலுவலகத்தில் பார்த்திருக்கிறார்.

லென்ஸ் ஒரு தூரத்துக்குத்தான் கூர்மையாக இருக்கும். தூரமா, கிட்டவா? இந்த வயதில் பலர் கிட்டத்தைக் கேட்பதுண்டு, பேப்பர் படிக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார் மருத்துவர். அவர் முடிப்பதற்குள் தூரம் என்றார் கமலநாதன்.

மை வைக்கும்போது தலை தானாகச் சாய்ந்தது. நர்ஸ் ஃபரீஹா இரண்டு கைகளாலும் பிடித்து நிமிர்த்தினாள்.

"அங்கிள், நேரா லா."

"நேராத்தாம்மா வச்சிருக்கேன்."

மூன்று தடவை நிமிர்த்தவேண்டியிருந்தது.

(ஒரு பிரதியில் புள்ளி தவறி, லென்ஸ் கோணலாக உட்கார்ந்துவிட்டது. கதை அங்கேயே முடிந்துவிடும். எல்லாப் பழியையும் மைமேல் போட்டுவிடலாம். எனக்கு வசதி. அதனால்தான் சந்தேகப்பட்டேன். லென்ஸ் சரியாகவே உட்கார்ந்தது.)

6

அறுவை முடிந்த மூன்றாம் வாரம் சாப்பாட்டுக் கடையில் நண்பர் வீரமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னாய்யா, கழுத்துல கம்பி வச்சுட்டாங்களா? கவர்னர் மாதிரி உக்காந்திருக்க."

கமலநாதன் சாலைக்கு அந்தப் பக்கம் நின்ற மோட்டார் சைக்கிளின் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டாகத் தெரியாமல், ஒரே ஒரு எண்.

அன்று மாலை மகளை அழைத்தார். கண் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பரவாயில்லை என்றார். சாப்பிட்டாயா என்று கேட்டார். பிறகு,

"ஞாயித்துக்கெழம ஜெட்டிக்கு வரியாம்மா? அந்தக் குடையோட."

"இப்ப எதுக்குப்பா? பாலந்தான் தொறந்திருக்கே. வீட்டுக்கே வரேன்."

"வீட்டுக்கு அப்புறம் வா. மொதல்ல அங்க நில்லு."

ஏன் என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிட அவர் தயாராக இருந்தார். எண்பது பொய்யையும்.

அவள் கேட்கவில்லை.

"சரிப்பா" என்றாள்.

7

ஞாயிறு, ஆறு மணி. செனிபோங்.

கமலநாதன் இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறார். தலை நேராக இருக்கிறது. போன் அடிக்கிறது.

"வந்துட்டேன்பா. தெரியுதா?"

நான் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில், தூண்டில்காரர்களுக்கு நடுவே மஞ்சளாக ஒரு புள்ளி. இன்னொன்றில், கம்பித் தடுப்பு, தூண்டில்காரர்கள், அவ்வளவுதான். அவளை மறுபடியும் கிடங்கில் நிறுத்திவிட்டார்கள். இரண்டிலும் அவருக்கு வாயில் வந்தது அதே சொல். முதல் முடிவில் அது முதன்முறையாக உண்மை. இரண்டாவதில் அதை அவர் சொல்லலாமா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

அதனால் நானே போய் அவருக்குப் பின்னால் நிற்கிறேன். ஆனால் நானும் அந்த மருத்துவமனைக்குக் கண்ணைக் காட்டத்தான் போயிருந்தேன். என்னுடையதும் அதே கோணல். இன்னும் எதுவும் செய்துகொள்ளவில்லை. எனக்கு ஒரு சாம்பல் பட்டை தெரிகிறது. அதன்மேல் இன்னொன்று.

நீங்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

அவள் இன்னும் போனில் இருக்கிறாள்.