சாராய வாடை இல்லை

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதைச் சிரிப்புக் கதையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். வருஷம் 1979. மதுவிலக்கு இருந்ததால் எல்லோரும் ஒளிந்து குடித்த காலம். ஆம்பூரில் தேவகி என்றொரு விதவை, தினமும் சாயங்காலம் பதினைந்து வயது மகன் வீரபாகுவை வாசலில் நிறுத்தி, "ஊதுடா" என்பாள். புருஷன் காசியைக் கள்ளச்சாராயம் கொண்டுபோனதிலிருந்து இந்தப் பழக்கம்.

"இன்னாம்மா, டெய்லி பேஜாரு. நான் இன்னா பலூனா ஊதறேன்?"

"உங்கப்பனும் இப்படித்தான் பேசுவான். ஊது."

ஊதுவான். சாராய வாடை இருக்காது. "எம்புள்ள தங்கம்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுச் சோறு போடுவாள்.

இந்த இடத்தில் நீங்கள் சிரிக்க வேண்டும் என்பது என் திட்டம்.

2

முதலில் வேறு மாதிரித் தொடங்கியிருந்தேன்: "பாலாற்றில் நீர் சலசலத்து ஓட—" (அடித்துவிட்டேன். பாலாற்றில் நீரைப் பார்த்தவர் யார்?) பிறகு: "தேவகி ஓர் ஏமாளி—" (இதையும் அடித்தேன். ஏமாளி இல்லை அவள்.)

அவளுக்கு வீட்டிலேயே வேலை. கம்பெனியிலிருந்து ஷூவின் மேல்தோல் துண்டுகளும் ஒரு டின் சொல்யூஷனும் வரும். அந்தப் பசையைத் தடவி ஒட்டித் தர வேண்டும். எட்டு வருஷமாக அந்த நெடியில் அவள் புடவை, தலையணை, ரசம் எல்லாம் ஊறிக்கிடந்தன. மகன் மூச்சில் அது வந்தபோது அவளுக்கு அது வீட்டு வாசனை. அவள் மூக்கு சாராயத்துக்குத்தான் காவல் இருந்தது.

டின் சீக்கிரம் காலியானது. காற்றில் போகிறது என்று நினைத்து, மூடியை இறுக்கச் சொல்லி மகனிடமே கொடுத்தாள்.

3

ஒருநாள், மூடிக்கிடந்த பழைய தோல் கிடங்கில் அவனைப் பார்த்தாள். சட்டையெல்லாம் பசை. அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"யாரு நீ?" என்றான்.

(இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் டீ குடித்தேன். வேறென்ன செய்ய?)

மறுநாள் வேலூருக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் அவனை வெளியே உட்காரவைத்துவிட்டுச் சொன்னார்: "பசையை மோந்து பழகியிருக்கான். அது மூளை, நரம்பு, ஈரல் எல்லாத்தையும் கெடுக்கும்மா. மெதுவாத்தான்னு நெனைக்காதீங்க. மோந்த மயக்கத்துல பயந்து ஓடினா நெஞ்சு அப்படியே நின்னுடலாம். மொதல் தடவையே கூட. சத்தம் போடாதீங்க, தொரத்தாதீங்க."

4

வீட்டு டின்னைப் பூட்டி வைத்தாள். நாலாம் நாள் கம்பெனி குடோன் பூட்டு உடைந்து ரெண்டு டின் காணவில்லை. ஏட்டு நந்தகோபால் வாசலில் வந்து நின்றார்.

"பையன் எங்கம்மா?"

"அவன் குடிக்க மாட்டான் ஏட்டையா."

"குடிச்சிருந்தா தேவலை, அதுக்கு செக்‌ஷன் இருக்கு. மோந்ததுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல. திருட்டுன்னுதான் போடணும். அப்பால கோர்ட்டு, சீர்திருத்தப் பள்ளி. நாளைக்கு எந்தக் கம்பெனிக்காரன் உள்ள சேர்ப்பான்?"

அவன் இருக்கும் இடம் தேவகிக்குத் தெரியும், அதே பழைய கிடங்கு. சொன்னால் விசிலோடு நாலு பேர் ஓடுவார்கள், அவனும் ஓடுவான். சொல்லாவிட்டால் அவனும் அந்த ரெண்டு டின்னும் மட்டும்.

"நான் முன்னால போறேன் ஏட்டையா. கையோட கூட்டினு வர்றேன். நீங்க தெருமுனையில நில்லுங்க. விசில் மட்டும் அடிக்காதீங்க, உங்க கால்ல விழறேன்."

ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "கால் மணி நேரம்."

5

முடிவு ஒன்று: அவன் ஓடுகிறான். இருபது அடி— (நாலு வரி எழுதினேன். கிழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: திருந்தி, கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகி, வாலாஜாபேட்டையில் பெண் எடுத்து— (எழுதிய எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

ஆகவே தேவகி கிடங்கின் கதவருகே நிற்கிறாள். செருப்பைக் கழற்றிவிட்டாள். உள்ளே அவன் இருமுகிறான், இருக்கிறான். "பாகு, அம்மாடா" என்று சொல்ல வாயெடுக்கிறாள். எந்தக் குரலில் சொன்னால் அவன் பயப்பட மாட்டான் என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை பக்கம் வாயடித்த எனக்கும் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் கூப்பிடுங்கள். மெல்ல.