காத்தோட்டிக்காயும் ஒரு சின்ன எரிமலையும்

1

எரிமலைகளைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டைக்கு வராதீர்கள். மெத்ரோ ரயிலில் எதிரே இருந்த தமிழ்ப் பெண்ணிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கரித்துண்டுகளின் வயதைக் கணிப்பதுதான் வேலை என்றாள். மெக்சிகோவில் ஷித்லே என்றொரு எரிமலை. குன்று என்றே சொல்லலாம், அவ்வளவு சின்னது. அதன் தீக்குழம்பு குவிக்குயில்கோ என்ற பழைய நகரத்தை மூடிவிட்டதாம்; அதற்கடியில் கிடைத்த கரியைத்தான் இப்போது பார்க்கிறாளாம். பிறகு, நான் கேட்காமலே, தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். ஜோன்-தலோன் நிலையத்தில் இறங்கிப் போய்விட்டாள். மிச்சம் என் தலையில் விழுந்தது. பெயர்கள் நான் வைத்தவை.

தொடக்கங்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன், ஒரு விடிகாலையில், மண் பிளந்து

(விடிகாலை என்று எவன் கண்டான்?)

வட்டக் கோபுரத்தின் உச்சியில் தீக்கடவுளுக்குத் தூபமிட்டுக்கொண்டிருந்த பூசகர் திரும்பிப் பார்த்தபோது

(பூசகர் அங்கே நின்றாரா என்பதே வழக்கு. குழம்பு வந்துதான் நகரம் அழிந்தது என்கிறார்கள் சிலர். இல்லை, அதற்கு முன்பே சனம் கிளம்பிவிட்டது என்கிறார்கள் மற்றவர்கள். குழம்பு மெல்ல ஊர்ந்து வந்தது, கால் உள்ளவன் நடந்திருக்கலாம். யார் நடந்தார், யார் நின்றார் என்று சொல்ல ஆளில்லை.)

தீயைக் கும்பிட்டவர்களைத் தீயே மூடியது என்று அழகாக ஒரு வரியும் எழுதினேன். எழுதியதும் எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. பெரிய கெட்டிக்காரன்.

2

எரிமலையை விட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம் போகிறேன். அவள் நிருஷா. நகரத்தின் வில்லரே பகுதியில், வளைந்த வெளிப்படிக்கட்டு ஏறிப் போகும் மேல்மாடி வீட்டில் அம்மா இந்திராதேவியோடு இருக்கிறாள். அண்ணன் சாரங்கன் நகரத்தின் ஓரம், பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கிப் போய்விட்டான், ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான்.

அப்பா தியாகராசா 2009 வைகாசியில், போரின் கடைசி நாட்களில், வன்னியில், சனத்தோடு சனமாக இவர்களுடன் நடந்து வந்தவர். "நீங்கள் நடவுங்கோ, நான் பின்னால வாறன்" என்றார். இந்திராதேவி திரும்பிப் பார்த்தபோது பின்னால் வேறு முகங்கள்தான் இருந்தன. அன்றிலிருந்து அவர் இருக்கிறார் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. இந்திராதேவி காலையில் முகம் கழுவியதும் குங்குமம் வைக்கிறார். கண்ணாடி பார்ப்பதில்லை, கை தானாகப் போய்விடுகிறது.

அந்த ஞாயிறு வெயில் கொளுத்தியது. தண்ணீருக்கு ஐஸ்கட்டி எடுக்க உறைபெட்டியைத் திறந்த இந்திராதேவி, ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பொதியை எடுத்து வந்து மேசையில் வைத்தார். காத்தோட்டிக்காய்.*

"இது ஆருக்கு?"

சாரங்கனின் முகம் செத்துப்போயிற்று. பக்குவமாகப் பேசிவிட்டுப் பிறகு எடுத்துக் காட்டலாம் என்று ஒளித்து வைத்தவன் அவன்தான்.

(*கசப்பான சின்னக் காய். எங்கள் ஆட்கள் இதை ஆடி அமாவாசைக்கென்றே தேடி வாங்குவார்கள். தகப்பனை இழந்தவர்கள் விரதமிருந்து, தண்ணீர் வார்த்து, படைத்துவிட்டுச் சாப்பிடும் நாள். தகப்பன் உயிரோடு இருப்பவனுக்கு அந்த விரதம் கிடையாது. அதனால் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்திக்கு இந்தப் பொதியைப் பார்த்தால் போதும், வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை.)

"வியாழக்கிழமை அமாவாசை அம்மா," என்றான் சாரங்கன். "அப்பா இல்லையெண்டால், இத்தினை வருசமாத் தண்ணி வார்க்க ஆளில்லாமல் எங்கையோ நிக்கிறார். அதை நினைச்சால் எனக்குச் சோறு இறங்குதில்லை."

"இருக்கிறாரெண்டால்? உயிரோட இருக்கிற மனுசனுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கப் போறியோ?"

இரண்டு பேர் சொல்வதும் சரி என்று நிருஷாவுக்குத் தெரிந்தது. இந்திராதேவி மகனை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு பிள்ளை. ஆரோ ஊர்பேர் தெரியாத சனத்தின்ரை ஊர் எப்ப அழிஞ்சதெண்டு கரியைப் பார்த்துச் சொல்லுறாய். கொப்பருக்குச் சொல்ல மாட்டியோ?"

"அம்மா, அது வேற…"

"அவர் போயிட்டாரெண்டு நீ சொன்னால், நான் இப்பவே பொட்டை அழிக்கிறன். இருக்கிறாரெண்டால் இந்தக் காயைக் குப்பையிலை போடுறன். வேற ஆரின்ரை கதையும் எனக்கு வேண்டாம்."

கரி ஒருநாளும் நாளைச் சொல்லாது. இந்த ஆண்டுக்கும் அந்த ஆண்டுக்கும் இடையில் என்றுதான் சொல்லும். அதற்கும் ஒரு துண்டுக் கரி வேண்டும். அப்பாவிடமிருந்து நிருஷாவிடம் ஒரு சட்டைப் பொத்தான்கூட இல்லை. பெற்றவளிடம் இதை எப்படிச் சொல்வாள்?

3

முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

"இல்லை அம்மா, அப்பா இருக்கிறார்" என்கிறாள் நிருஷா. காய் குப்பைக்குப் போகிறது. சாரங்கன் காருக்குள் இருந்து குலுங்கி அழுகிறான், அவனுக்கு யார் பதில் சொல்வது?

"ஓம் அம்மா, போயிட்டார்" என்கிறாள். இந்திராதேவி எழுந்து குழாயைத் திறந்து

(இதற்குமேல் எழுதக் கை வரவில்லை. அந்த அம்மாவின் நெற்றியைத் தொட நான் யார்?)

மூன்றாவதில் இந்திராதேவி காயைச் சமைத்து, ஒரு இலை கூடுதலாகப் போட்டு, "பசியோட வாறவருக்கு" என்று மட்டும் சொல்கிறார். உயிரோடு வருபவரா, படையலுக்கு வருபவரா என்று யாரும் கேட்பதில்லை. நன்றாகத்தான் இருக்கிறது. வாசிக்கிற நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படுக்கப் போய்விடலாம். அந்த வீட்டில் ஒருத்தருக்கும் அது பதில் இல்லை. கிழித்துப் போட்டேன்.

4

ஆய்வாளர்களுக்கு அவசரமில்லை. குவிக்குயில்கோவில் சனம் முன்பே போயிற்றா, கடைசிவரை நின்றதா என்று இன்னும் நூறு வருடம் அவர்கள் வாதாடலாம். அங்கே யாரும் குங்குமச் செப்பை வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

இங்கே ஒருவர் காத்திருக்கிறார். பொதியில் உறைந்த பனி உருகி மேசையில் தண்ணீர் பரவுகிறது. சாரங்கன் தங்கையைப் பார்க்கிறான். நிருஷா வாயைத் திறக்கிறாள். அவள் சொல்ல ஒரு சொல் எழுதிக் கொடுக்க வேண்டியவன் நான். என்னால் ஆகவில்லை.

உங்களால் முடிந்தால் நீங்கள் சொல்லுங்கள். இருக்கிறார், போய்விட்டார், எதுவானாலும் சரி. ஆனால் என்னிடம் சொல்ல வேண்டாம். இந்திராதேவிக்கு எதிரே ஒரு கதிரை இருக்கிறது; அதில் போய் இருந்து, அவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.